வெட்டாத பக்கத்தில் ‘அப்சார்ப்’

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் கரும்பலகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்கிறவருக்குத்தான் பயப்பட வேண்டும். வகுப்பில் நின்று முழித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் ரயில்வேக்காரர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க என்னை மூன்று மாதத் தவணையில் வைத்திருந்தார்கள். பிடித்தால் நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பி.ஏ.; பிடிக்காவிட்டால் கடல் கடந்து வந்தவன் கப்பலேறி ஊருக்கே திரும்ப வேண்டியதுதான்.

எங்கே பிறந்தது?

ஒரு நாள் ‘அப்சார்ப்’ என்ற வினைச்சொல் வந்தது. ஒற்றுத்தாள் மையை உறிஞ்சுவது, மனம் பாடத்தை வாங்கிக்கொள்வது, புத்தகத்தில் ஆழ்ந்துபோவது, பெரிய கடை சின்னக் கடையை விழுங்குவது எல்லாம் அதுதான் என்றேன். ரயில் இஞ்சினில் கரி அள்ளிப்போடும் முனியாண்டி, அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று கேட்டார். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“பி.ஏ.வுக்கே தெரியலையாம்லா. இனி நம்மள யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

கண்ணாடி அலமாரி

சொற்பிறப்பு சொல்லும் பெரிய அகராதி வாசகசாலைச் செயலாளர் கந்தையாவிடம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் தலைமைக் கிளார்க். எந்த வாதத்தையும் “அகராதியிலை அப்பிடித்தான் கிடக்கு” என்று முடிப்பார். என்னை நிரந்தரமாக்குவதும் அவர்தான். அவரிடமே போய் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதா? இரண்டு நாள் தயங்கிவிட்டுப் போனேன். அலமாரியைத் திறந்து, அகராதியைத் துடைத்துக் கொடுத்தார்.

“கவனமாப் பாவிச்சுத் தாரும் தம்பி. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற புத்தகம்.”

சவரக் கத்தி

அறையில் திறந்து பார்த்தால், சீமையில் அச்சடித்து மடித்தபடியே தாள்கள் வெட்டப்படாமல் இருந்தன; அந்த மாதிரிப் புத்தகத்தை வாங்கியவர்தான் ஓரத்தை வெட்டிப் படிக்க வேண்டும். ‘ஏ’ எழுத்தின் முதல் மடிப்புகூடப் பிரியவில்லை. சவரக் கத்தியால் எனக்கு வேண்டிய மடிப்பை மட்டும் கீறினேன். உறிஞ்சி விழுங்குதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம்.

மறுநாள் அதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது கந்தையா உள்ளே வந்தார். மேசைமேல் இருந்த அகராதியைப் புரட்டியவர் கண்ணில் கீறிய ஓரம் பட்டது. ஆர் வெட்டினது என்றார். நான்தான், வெட்டாமல் படிக்க முடியவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது; வேலை போயிற்று என்று நினைத்தேன். முனியாண்டி மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றார்.

“அப்ப ஐயா ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கமா பாத்தீங்க?”

வராந்தாவில்

கந்தையா என்னை வெளியே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. அகராதியை என் கையில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“மிச்சத்தையும் வெட்டித் தாரும். நாளைக்கு ஆரும் புரட்டிப் பாத்தா வெட்டிக் கிடக்கவேணும். அவசரமில்லை, ஆறுதலாச் செய்யும், உமக்கு வேலை நிரந்தரம்தானே.”

இப்போது ‘கே’ எழுத்துவரை வெட்டியாயிற்று. அதுவரைக்கும் உள்ள சொல் எதை வேண்டுமானாலும் என் மாணவர்கள் தைரியமாகக் கேட்கலாம்.