கரவானுக்குச் சோத்துக்கை எது

காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியைப் பிரெஞ்சில் கரவான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழர்களில் அதை விலைக்கு வாங்கியவர் ஒருவர்தான். என் நண்பர், பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் சமையல் செய்பவர். மேலே இரண்டாம் இலக்க மெத்ரோ ஓட, கீழே தேநீர்க் கடையில் நின்றபடி அந்தச் செய்தியை அவர் சொன்னபோது, அங்கிருந்த யாரும் விலையைக் கேட்கவில்லை. ஏன் என்றுதான் கேட்டார்கள்.

காரணம் அவருடைய மனைவி. மனைவி பதினெட்டு வருடங்களாக ஹொட்டல் அறைகளைத் துப்புரவு செய்கிறார். இந்த முறை ஓகஸ்டில் இரண்டு கிழமை சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருந்தது; அப்படிக் கிடைப்பது இதுதான் முதல் தடவை. கடற்கரைக்குப் போகலாம், ஹொட்டலில் நிற்கலாம் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மனைவி சொன்னதை நண்பரே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

“ஹொட்டல் கட்டில்லை படுத்தால் எனக்கு நித்திரை வராது. விடிய எவள் வந்து இந்த விரிப்பை இழுக்கப்போறாள் எண்டுதான் நினைப்பு ஓடும்.”

ஆகவே வேறு யாரும் வந்து விரிக்க வேண்டியில்லாத ஒரு கட்டில் தேவைப்பட்டது. அதற்குச் சில்லும் கூரையும் சேர்ந்தே வந்தன.

நண்பர் என்னைக் கூப்பிட்டது கடதாசி வாசிக்க. ஒரு காலத்தில் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்த்தவன் என்பதால், எழுத்தில் உள்ள எதுவும் எனக்கு விளங்கும் என்று லா சப்பலில் சிலர் நம்புகிறார்கள். வண்டியின் பதிவு அட்டையான கார்த் கிரிஸை விரித்ததும் அந்த நம்பிக்கை எனக்கே போய்விட்டது. ஒரே வண்டிக்கு மூன்று எடைகள் இருந்தன. வெறுமையாக நிற்கும்போது ஆயிரத்து நூற்றிருபது கிலோ. ஏற்றக்கூடியதெல்லாம் ஏற்றினால் ஆயிரத்து நானூறு. காரின் அட்டையில் இன்னோர் எண், காரும் கரவானும் சேர்ந்து தாண்டக்கூடாத எல்லை. எந்த எண்ணை எதனுடன் கூட்டுவது என்று அட்டையில் எங்கும் சொல்லப்படவில்லை.

தேநீர்க் கடையில் விசாரித்தோம். கையிலுள்ள சாதாரண பெர்மி, அதுதான் சாரதி அனுமதிப்பத்திரம், போதும் என்றார் ஒருவர். எழுநூற்றைம்பது கிலோ தாண்டினாலே வேறு பெர்மி எடுக்கவேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், பொலிஸ் மறித்தால் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லச் சொன்னார். அவர் அதைச் சொன்னதே நல்ல பிரெஞ்சில்.

பல தடவை வாசித்துப் பிடித்ததை இங்கே எழுதிவைக்கிறேன், இன்னொருவருக்கு உதவலாம். பெர்மியைப் பொறுத்தவரை வெறும் எடை கணக்கில் வராது. இரண்டு அட்டைகளிலும் எஃப்-2 என்ற கட்டத்தில் உள்ள உச்ச எடைகளைக் கூட்ட வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறுக்குள் நின்றால் சாதாரண பெர்மி போதும். நண்பரின் கார் இரண்டாயிரத்து எண்பது. கரவானையும் சேர்த்தால் மூவாயிரத்து நானூற்றெண்பது. இருபது கிலோவில் தப்பினார்.

கரவான் வெறுமையாகத்தானே நிற்கிறது, அப்படியிருக்க ஏன் நிறைந்த எடையைக் கூட்டினீர்கள் என்று அவருடைய மனைவி கேட்டார். சட்டம் அப்படி என்றேன்.

“ஏத்தாத சாமானுக்கும் பாரமோ அண்ணை?”



கரவான் பரிஸுக்கு வெளியே லா கூர்னெவ் என்ற இடத்தில், பண்டகசாலைகளுக்கு நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு திறந்த வளவில் நின்றது. ஜூலையில் நான்கு ஞாயிறுகள் மூவரும் அங்கே போனோம். முதல் ஞாயிறு சில்லுகளைப் பார்த்தோம். ரயரில் வரிவரியான பூ தேயாமல் அப்படியே இருந்தது, கறுப்பும் மங்கவில்லை. புத்தம் புதுசு என்றார் நண்பர். ரயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் செய்த வாரம், கடைசி இரண்டும் வருடம். அந்த ரயர்களுக்குப் பதினொரு வயது. ஓடித் தேயாத ரயர், நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் வெடித்துப்போகும். இரண்டையும் மாற்றினார்.

இரண்டாம் ஞாயிறு பாரம் ஏற்றினோம். மனைவி அரிசியையும் மாவையும் கிரைண்டரையும் குடிதண்ணீர்ப் போத்தல்களையும் பின்பக்கக் குசினிக்குள் வைத்தார். குசினிச் சாமான் குசினியில் இருப்பதுதானே முறை. காரின் கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்க்க, குளியலறைத் தராசை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தோம். அதன்மேல் ஒரு மரத்துண்டை நிமிர்த்தி வைத்து, கரவானின் முன்நுனியை அதில் இறக்கினோம். இருபத்திரண்டு கிலோ காட்டியது. காருக்கு அனுமதித்த எல்லை எழுபத்தைந்து.

குறைவாக இருப்பது நல்லதுதானே என்று நண்பர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். வீட்டுக்குப் போய் வாசித்த பிறகுதான் அது ஆபத்து என்று தெரிந்தது. முன்நுனியில் பாரம் குறைந்தால், வேகத்தில் கரவான் நாயின் வாலைப் போல ஆடத் தொடங்கும். காரையும் சேர்த்து ஆட்டும். எல்லையைத் தாண்டக்கூடாது, எல்லைக்கு மிகக் கீழேயும் போகக்கூடாது. மூன்றாம் ஞாயிறு, பாரமானதையெல்லாம் சில்லுகளுக்கு நேர்மேலே, கரவானின் தரையில் அடுக்கினோம். தராசு அறுபத்தெட்டுக் காட்டியது. குசினியில் ஒரு கரண்டி மட்டும் மிஞ்சியது. இது என்ன குசினி என்று மனைவி கேட்டார்.

நான்காம் ஞாயிறு, பின்னுக்கு எடுக்கும் பயிற்சி.

காரைத் தனியாகப் பின்னுக்கு எடுக்கும்போது, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கார் வலப்பக்கம் போகும். கரவான் கொழுவியிருந்தால், அதே திருப்பலுக்குக் கரவான் இடப்பக்கம் போகும். இதை அவர் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் கை கேட்கவில்லை. நான் ஒரு பக்கத்தில் நின்றேன். மனைவி வழி சொன்னார். அவர் வலம், இடம் என்று சொல்லமாட்டார். சோற்றைத் தொடும் கை சோத்துக்கை. மற்றதை இடக்கை என்றார். வீட்டில் சொல்லும் சொல் வேறு, என் முன்னால் அதைச் சொல்லவில்லை.

முதலில் அவர் காருக்கு முன்னால், கணவரைப் பார்த்தபடி நின்றார். சோத்துக்கைப் பக்கம் என்றார். கணவர் தன் சோத்துக்கைப் பக்கம் திருப்பினார். கரவான் மனைவி நினைத்த பக்கத்துக்கே ஒழுங்காகப் போனது. பிறகு, பின்மதில் தெரியவில்லை என்று மனைவி கரவானுக்குப் பின்னால் போய் நின்றார். அதே சொல்லைச் சொன்னார். கணவர் அதே மாதிரித் திருப்பினார். கரவான் எதிர்ப்பக்கம் போய் மதிலை நெருங்கியது.

“இஞ்சாருங்கோ, சோத்துக்கை எண்டெல்லே சொன்னனான்.”

“அங்கைதானே திருப்பினனான்.”

“ஆற்றை சோத்துக்கை?”

“எனக்கு இருக்கிறது ஒரு சோத்துக்கைதான்.”

இன்னும் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் பிழைத்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் இறங்கினார். முன்னால் நிற்கும்போது சரியாக வந்தது பின்னால் நிற்கும்போது ஏன் பிழைக்கிறது என்று என்னைக் கேட்டார். காரின் மூடிமேல் ஒரு கடதாசியை விரித்துப் படம் கீறினேன். மனைவி எதிரே நின்றால் அவருடைய வலம் இவருடைய இடம். அது ஒரு புரட்டல். கரவான் திருப்பலுக்கு எதிராகப் போவது இன்னொரு புரட்டல். இரண்டு பிழையும் சேர்ந்து ஒரு சரியாக வந்திருக்கிறது. பின்னால் போய் நின்றதும் முதல் புரட்டல் இல்லாமல் போய்விட்டது. மற்றது மட்டும் மிஞ்சியது. இதை எழுதும்போதும் கையை மேசையில் வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று படத்தை மூன்று முறை கீறினேன். மூன்றாவது, முதலாவதுடன் ஒத்துப்போகவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். கணவர் மறுபடி ஏறி இயந்திரத்தை முடுக்கினார். கார் ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்த பிறகுதான் மனைவியின் குரல் வரவில்லை என்பது எனக்குப் பட்டது. கரவானுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மதிலுக்கும் கரவானுக்கும் இடையில் ஒரு மீற்றருக்குமேல் இராது. நிறுத்து என்று காரில் கையால் அடித்தேன். அவர் இறங்கி ஓடிவந்து குனிந்து கரவானுக்கு அடியில் பார்த்தார். நான் மதிலோரம் பார்த்தேன். வளவின் வாசல் பூட்டியிருந்தது. திறப்பு கணவரின் சட்டைப் பையில். அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கரவானின் கதவு சாத்தியிருந்தது. அவர் இழுத்துத் திறந்தார்.

மனைவி கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி, நல்ல நித்திரையில் இருந்தார். சப்பாத்துகள் கீழே சோடியாக இருந்தன. திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மெத்தைமேல் விரிப்பு இல்லை. புது விரிப்பு உறை பிரிக்காமல் தலைமாட்டில் கிடந்தது. விரிக்க ஒரு நிமிடம் போதும், அவருக்கு அதுகூட வேண்டாம்.

கணவர் எழுப்பப் போனார். பிறகு எழுப்பவில்லை. இருவரும் வெளியே வந்து காரின் மூடியில் சாய்ந்து நின்றோம்.  ஓடும்போது கரவானுக்குள் யாரும் இருக்கக்கூடாது, பின்னுக்கு எடுப்பதற்கு முன் உள்ளே பார்க்கவேண்டும் என்று நான் ஏதோ சொன்னேன். ஓம் என்றார். அன்று அதற்குமேல் பயிற்சி நடக்கவில்லை.

கிழமை நடுவில் மனைவி தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். லா சப்பல் புடவைக் கடையில் இரண்டு துண்டுத் துணி வாங்கி, கரவானின் பின்மூலைகளில் ஒன்றில் சிவப்பும் மற்றதில் மஞ்சளும் கட்டினார். அதே நிறத்தில் ஒவ்வொரு சிறு துண்டு, காரின் பக்கக் கண்ணாடிகளில். கணவருக்கு நான் வாசித்ததைச் சொன்னேன்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கரவான் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தவேண்டும். புறப்படுவதற்கு முன் வளவில் ஒருமுறை செய்து பார்த்தார்கள். மனைவி சிவப்பு என்றார். கை சிவப்புப் பக்கம் நகர்ந்தது. கரவானும் சிவப்புப் பக்கம் போனது. ஏன் சரிவருகிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஓகஸ்டில் போனார்கள். அந்த இரண்டு கிழமையில் நண்பரிடமிருந்து எனக்கு ஒரு படம் மட்டும் வந்தது. கரவான் தன் இடத்தில் முன்பின் மாறி, மூக்கை வேலிக்குள் வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்துக் கரவான்காரர்கள் சேர்ந்து கையால் தள்ளி விட்டார்களாம். இரண்டு துணியும் கட்டியபடியே இருந்தன. மனைவி படத்தில் இல்லை. எங்கே என்று கேட்டேன். படுத்திருக்கிறா என்று பதில் வந்தது. அப்போது மதியம்.

நான் மறுபடி தலையிட்டது ஒக்டோபரில். குளிர்காலத்துக்குக் கரவானை மூடும்போது தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். அலுமாரிக் கதவுகளைத் திறந்து விடவேண்டும். மெத்தையில் கிடக்கும் துணிகளை எடுத்துவிட்டு, மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைக்கவேண்டும். காற்றுப் படாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இதை நண்பரிடம் சொன்னபோது அவர் விரிப்பின் கதையைச் சொன்னார். விரிப்பு இரண்டாம் நாள்தான் பிரிபட்டிருக்கிறது, நண்பரே போட்டிருக்கிறார், கோணலாக. பதினான்கு நாளும் யாரும் அதைத் தட்டவுமில்லை, இழுக்கவுமில்லை. கசங்கியபடியே பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்பது மனைவியின் கட்டளை.

பூஞ்சணமா, கட்டளையா என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பூஞ்சணம் பிடித்த மெத்தையில் அடுத்த வருடம் அவர் படுக்கமாட்டார் என்பது நிச்சயம். மனைவியிடமே அதைச் சொன்னேன். ஒரு ஞாயிறு மூவரும் மறுபடி வளவுக்குப் போனோம்.

மனைவி வெளியே யன்னலடியில் நின்றுகொண்டார். உள்ளே கணவர். நான் குழாய்த் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். அவர் விரிப்பின் நாலு மூலையையும் ஒன்றாக இழுத்தார். அது மெத்தையோடு எழும்பி அலுமாரியில் இடித்தது.

“அப்பிடி இழுத்தால் இண்டைக்கு முடியாது. சோத்துக்கைப் பக்க மூலையை முதல் எடுங்கோ.”

உள்ளே அவர் விரிப்பைக் கீழே விட்டார்.

“ஆற்றை சோத்துக்கை?”

“சிவப்புப் பக்கம்.”

“உள்ளுக்கை சிவப்புத் தெரியேல்லை.”

மனைவி ஒரு காலைப் படியில் வைத்தார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு நிமிட வேலை அவருக்கு. வைத்த காலை மறுபடி நிலத்தில் இறக்கினார்.

“தெரியாட்டில் வெளியிலை வந்து பாத்திட்டுப் போங்கோ.”

கணவர் இறங்கி வந்தார். கரவானைச் சுற்றிப் பின்பக்கம் போய், சிவப்புத் துணி எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்தார். வலக்கையை அந்தப் பக்கம் நீட்டி, நீட்டியபடியே திரும்பி நடந்து, அந்தக் கையோடு படியேறி உள்ளே போனார். அதற்குள் கை வேறு பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தார். யன்னலடிக்குத் திரும்பிப்போய்க் காத்து நின்றார்.