கருப்பருக்கு நேந்துவிட்ட கிடா

ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு நான் போகிறேன் என்றதும் ஊரில் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து ஆட்டோடு கிடக்கிறவளுக்கு வகுப்பு எதற்கு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் போன மழைக்காலத்தில் கழிச்சல் கண்டு என் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தபோது, எனக்குத் தெரிந்த வைத்தியம் எதுவும் கைகொடுக்கவில்லை. வீட்டை விட்டு நகராமல் செய்ய எனக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். டவுனில் செக்காலைப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சுவேலை செய்தபோது சாரம் சரிந்து விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன். தினமும் சாயங்காலம் அவர் கால்களுக்கு எண்ணெய் தேய்ப்பேன். தேய்த்து முடித்ததும் பெருவிரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார்.

எங்கள் குலசாமி கருப்பர். விழுந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே கருப்பரிடம் போய், பிறக்கப்போகும் கறுப்புக் கிடாக்குட்டி உனக்கு என்று நேந்துகொண்டேன். மாசியில் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடும்போது, அவரே நடந்து வந்து அந்தக் கிடாவைப் பிடித்து உன் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது என் வேண்டுதல். கேட்ட மாதிரியே குட்டி பிறந்தது, உச்சி முதல் குளம்பு வரை கறுப்பு. அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படிக் கட்டிய கிடாவை யாரும் விரட்ட மாட்டார்கள், விலை கேட்க மாட்டார்கள். அதன் உடம்பில் ஒரு குறையும் வரக் கூடாது. காயடித்துவிட்டால் சாமிக்கு ஆகாது.

பயிற்சி நடத்திய டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஆட்டின் கீழ்இமையை மடக்கிப் பார்த்து, உள்ளே வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இத்தனை வருஷம் ஆட்டின் முகத்தில் முழித்தும் அதன் கண்ணுக்குள் நான் பார்த்ததில்லை. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இலவசமாகக் கொடுத்த துணிப்பைக்கும் வந்தவர்கள். ஒரே ஒருத்தி மட்டும் டாக்டரம்மா வாயிலிருந்து விழுவதெல்லாம் வேதவாக்கு என்று இருந்தாள். காளையார்கோவில் பக்கத்துக்காரி. எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னை அக்கா என்பாள்.

கடைசி நாள் செய்முறைக்கு ஒரு பட்டி வேண்டும் என்றார்கள். அன்றைக்காவது வீட்டில் இருக்கலாமே என்று என் பட்டியைச் சொன்னேன். கட்டிலில் கிடக்கும் மனிதருக்கும் நாலு முகம் பார்த்த மாதிரி இருக்கும். அவர் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேரே பட்டி.

காலையில் உண்ணி மருந்து கலந்த தொட்டியில் ஆடுகளை முக்கினோம். முக்குவதற்கு முன் கழுத்தில் கிடக்கும் கயிறு, மணி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் டாக்டரம்மா. உண்ணி அதற்குள்தான் ஒளியும் என்றார். அதற்குப்பின் குட்டிகளுக்குக் காயடிக்கும் பாடம். பெரிய ஆடுகளை முக்கி முடித்து குட்டிகள் மட்டும் பாக்கி இருந்தபோது, எல்லோருக்கும் டீ போடலாம் என்று நான் அடுப்படிக்குப் போனேன்; மஞ்சள் துணியைத்தான் யாரும் தொட மாட்டார்களே.

டீச்சட்டியோடு வெளியே வந்தபோது என் கறுப்புக் கிடா பின்கால்களை அகட்டி வைத்து நின்றது. கழுத்து மொட்டையாக இருந்தது. பக்கத்தில் ஒருவர், நரம்பை நசுக்கிக் காயடிக்கும் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி தொட்டியடியில், அறுத்த கயிறுகளோடு சேற்று நிறத்தில் கிடந்தது.

"யாரு அத அறுத்தது?" என்றேன்.

"நாந்தான்க்கா. கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்டு டாக்டரம்மா சொன்னாகள்ல" என்றாள் காளையார்கோவில்காரி. அவள் ஊரிலும் மஞ்சள் துணி கட்டுவார்கள். அறுக்கும்போது கை தயங்கியதாம், பாடம்தான் பெரிதாகத் தெரிந்ததாம். அப்புறம் அழுகிற குரலில், "தோலு கிழியலக்கா. பாக்க முழுசாத்தான இருக்கு?" என்றாள்.

"பாக்கிறது மனுசனா, சாமியா?" என்று கேட்டேன். டாக்டரம்மா விஷயம் புரிந்து என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். வந்தவர்கள் டீயைக் குடிக்காமலே கிளம்பினார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்த பிறகும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கை விளங்குமா என்றுகூடக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைய வையாத" என்றார் அவர். "நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"எத?"

"துணிய அறுத்தத. பெறகு அந்தாளு பிடிச்சு நிறுத்துனத. எல்லாத்தையும்."

"ஒரு சத்தம் போட்டிருந்தா விட்டிருப்பாகளே. ஏங்க போடல?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது தெனமும் இந்தச் சன்னலத் தாண்டித்தான் மேயப் போகுது. நீ அதப் பாப்ப. அப்புறம் என் காலப் பாப்ப. அது வளந்துக்கிட்டே வருது. நான் அப்படியே கெடக்கேன். மாசி வந்தா உனக்கு என்ன பதில் சொல்லுவேன்டு பயமா இருந்துச்சு."

நான் நம்பிக்கை என்று நினைத்துக் கட்டிய துணி அவருக்குக் கெடுவாக இருந்திருக்கிறது. பட்டியில் அந்தக் கிடா படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தது. கருப்பரிடம் நான் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், என் கோபத்தைச் சாமியும் பார்த்ததுதான்.

எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்தேன். தொடை, முழங்கால், கெண்டை, பாதம் என்று கீழே வந்தேன். பெருவிரல் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் கிள்ளவில்லை. வேட்டியை இழுத்துக் காலை மூடிவிட்டு, "சாப்பிட என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.