அதிகம் விளையாடிய நாள்

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு, காலை பத்து மணிக்குப் பட்டன் தன் பட்டியலை இணையதளத்தில் ஏற்றினான். அந்த வருடம் ஆடிய வீடியோ கேம்களில் அவனுக்குப் பிடித்த பத்து. பதினான்கு வருடங்களாக எழுதி வருகிறான். முந்நூறு பேர் புழங்கும் தளம். நாற்பது பேர் எழுதுவார்கள், மீதிப் பேர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள்.

லிப்ட் மெக்கானிக் என்பதால் பட்டன். கம்பெனி ஆட்கள் வைத்த பெயர். தளத்திலும் அதையே வைத்துக்கொண்டான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு டிவி, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு சோபா. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது.

பட்டியலுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வான். அடித்து அடித்து எழுதுவான். இந்த வருடம் பத்தாவது இடத்தில் ஒரு கால்பந்து கேம். "போன வருடத்துச் சட்டையையே துவைத்து விற்கிறார்கள். ஆனால் நன்றாகத் துவைத்திருக்கிறார்கள்." ஐந்தாவது, பேய் கேம். "முதல் ஒரு மணி நேரம் பயந்தேன். அதற்கப்புறம் பேய்க்கே என்னைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிட்டது." இரண்டாவது இடத்தில் அறுபத்தொரு மணி நேரம் இழுக்கும் போர் கேம், அதன் முடிவை மட்டும் மூன்று பத்தி திட்டியிருந்தான். முதல் இடம் யாரும் எதிர்பார்க்காதது. ஆடுகள் ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டும் சின்ன கேம், இரண்டே பேர் உருவாக்கியது. "பாலம் இடிந்தால் ஆடு ஆற்றில் விழும். விழுந்த ஆடு நீந்திக் கரையேறி, உடம்பை உதறிவிட்டு, மறுபடி வரிசையில் வந்து நிற்கும். இந்த வருடம் நான் ஆடியதில் யாரும் சாகாத கேம் இது ஒன்றுதான்" என்று எழுதியிருந்தான்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு நிரந்தர வாசகி உண்டு. அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். கேம் பக்கமே போய் இருபது வருடம் ஆகிறது. சின்ன வயதில் வீட்டில் ஒரே ஒரு கன்ட்ரோலர். ஒரு உயிர் போனதும் அடுத்தவர் கைக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அக்கா சாகவே மாட்டாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது சாவாள் எப்போது சாவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். வேலைக்குப் போனதும் அவள் விட்டுவிட்டாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் பட்டியல் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் போன் வரும்.

"எட்டாவது இடத்துல வெச்சுட்டு எதுக்குடா ரெண்டு பத்தி திட்டியிருக்க? பிடிக்கலைன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே?"

வருடம் முழுக்க அவன் ஆடுவதே அந்த ஒரு போனுக்காகத்தான் என்று சொன்னால் தப்பில்லை. மார்ச்சில் அம்மா போன பிறகு அவனுக்கென்று மிச்சம் இருந்ததும் அக்கா ஒருத்திதான்.

இந்த ஞாயிறு போன் வரவில்லை. பதினொன்றே காலுக்குத் தளத்தைத் திறந்து யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தான். முதலில் இருந்தது முகம் தெரியாத ஒரு பையன் எழுதியது.

"ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம்! அதுவும் செவ்வாய்க்கிழமை! அது எந்த ஆபீஸ் அண்ணே? எனக்கும் அங்கேயே ஒரு வேலை பாருங்க."

பட்டனுக்குப் புரியவில்லை. கார்டைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

பட்டியலோடு கார்டும் போட வேண்டும் என்பது அந்தத் தளத்தின் சட்டம். எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று வருடக் கடைசியில் கேம் கம்பெனிக்காரனே ஒரு படம் அனுப்புவான். அதுதான் கார்டு. ஒருவன் அடுத்தவர்கள் ஆடுவதை வீடியோவில் பார்த்துவிட்டுத் தானே ஆடியதாகப் புளுகி மாட்டிக்கொண்டபோது வந்த சட்டம். கொண்டுவந்தவன் பட்டன்.

இந்த வருடக் கார்டில் கம்பெனிக்காரன் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தான். மேலே மணிக்கணக்கை மட்டும் சரிபார்த்துவிட்டு ஏற்றியவன் கண்ணில் அது படவில்லை. 'நீங்கள் அதிகம் விளையாடிய நாள்: மார்ச் 11, செவ்வாய். 9 மணி நேரம் 10 நிமிடம்.'

அம்மா இறந்த நாள்.

அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆறாவது நாள். பட்டன் லீவு போட்டிருந்தான். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுக்க இவன் உட்காருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்குக் குளித்துக் கிளம்பி நின்றவன், அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போகலாம் என்று சோபாவில் உட்கார்ந்தான். முந்தைய நாள் அம்மா இவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. அதை நினைத்ததும் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பதரைக்கு அக்கா கூப்பிட்டாள். கிளம்பிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன், "அவசரமா கூப்பிட்டுட்டாங்கக்கா. லிப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. எடுத்து விட்டுட்டு வந்துடறேன்" என்றான். போனைச் சத்தமில்லாமல் செய்து தலையணைக்கு அடியில் வைத்தான். ஐந்து பத்துக்குத்தான் திரும்ப எடுத்தான். பத்தொன்பது மிஸ்டு கால். அம்மா மூன்று நாற்பதுக்குப் போயிருந்தாள்.

கிளம்பும்போது கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டான். கதவுவரை போய்த் திரும்பி வந்து, கருவிப் பையிலிருந்த கிரீஸைத் தொட்டு இரண்டு கையிலும் தடவிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

சாவு வீட்டில் சித்தப்பா, உறவுக்காரர்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "பெத்தவ போற நேரத்துல பிள்ளைக்கு அப்படி என்ன வேலை?" அக்கா அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். திரும்பி வந்த சித்தப்பா, பட்டன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து லிப்ட் கதையை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவரே சொல்லத் தொடங்கினார்.

பட்டன் தளம் நடத்துபவரைப் போனில் பிடித்தான். அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். எல்லோருடைய எழுத்துப் பிழைகளையும் திருத்துவதால் வாத்தியார்.

"வாத்தியாரே, அந்தக் கார்டை மட்டும் தூக்கிடுங்க."

"கார்டு இல்லாம பட்டியல் நிக்காதே. நீ போட்ட சட்டம்தானப்பா."

"படம் மங்கலா இருக்கு."

"கண்ணாடிக் கடைக்காரன்கிட்டயே மங்கல்னு சொல்றியா? பளிச்சுன்னு இருக்கு."

"அப்ப பட்டியலையே தூக்கிடுங்க."

"தூக்கிடறேன். ஆனா நூத்திப் பத்து பேர் பார்த்தாச்சு. பரவாயில்லையா?"

நூற்றுப்பத்துப் பேரைப் பற்றி பட்டனுக்குக் கவலை இல்லை.

சாயங்காலம் வரைக்கும் போன் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் நின்றான். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். திரையை விலக்கி அடுத்த ஆளைக் கூப்பிட வந்த அக்கா இவனைப் பார்த்தாள்.

"டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க" என்றாள்.

அவள் இவனை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வாங்கினான். முப்பத்தொன்று. ஒரு மணி நேரம் காத்திருந்து, திரைக்குப் பின்னால் போய், கையை நீட்டி வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைக்கு மேல் ரப்பரை இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"எந்த கேம்?"

"என்னது?"

"அன்னிக்கு ஆடினது."

"அந்த ஆடு... பாலம் கட்டறது."

"முதல் இடம்." தலையாட்டினாள். "நல்லாத்தான் எழுதியிருந்த. உடம்பை உதறிட்டு வரிசைல வந்து நிக்கும்னு படிச்சப்ப சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கார்டைப் பார்த்தேன்."

அவன் குனிந்துகொண்டான்.

"சித்தப்பாகிட்ட ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்கன்னுதான் முதல்ல சொன்னேன். அவர் மூஞ்சியைச் சுளிச்சார். அதுல ஒருத்தி மாசமா இருந்தான்னு சொல்லிட்டேன். எட்டு மாசம். எங்கிருந்துதான் வந்துச்சோ வாயில. உனக்காகச் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதேக்கா."

"தெரிஞ்சு என்ன பண்ணியிருப்ப? பத்து மாசம்னு திருத்தியிருப்பியா?"

திரைக்கு வெளியிலிருந்து ஒரு கிழவர் சத்தம் போட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்மா? மயக்கமா வருது."

"ஒரு நிமிஷம்ங்க. இவருக்கு நரம்பு கிடைக்க மாட்டேங்குது" என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பத்தொன்பது தடவை எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? அம்மா போயிட்டான்னு சொல்ல ரெண்டு தடவை. மீதியெல்லாம் அதுக்கு முன்னாடி. அம்மா பத்து மணிக்குக் கண்ணு முழிச்சா. அவன் எங்கன்னா. லிப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம், எடுக்கப் போயிருக்கான்னேன். ஐயோ, மூச்சு முட்டுமேன்னா. தனக்கே மூச்சு வரலை, அவ பேசறா. அப்புறம் முழிக்கறப்ப எல்லாம் அதே கேள்விதான். வெளிய வந்துட்டாங்களா, வெளிய வந்துட்டாங்களா. உன்கிட்ட கேட்டுச் சொல்றேன், கேட்டுச் சொல்றேன்னு போன் போட்டுக்கிட்டே இருந்தேன். மூணு மணிக்குக் கடைசியா கேட்டா. நீ எடுக்கலை."

கட்டிய ரப்பரை அவள் அவிழ்க்கவில்லை. பட்டனின் விரல்கள் மரத்துப்போய்விட்டன.

"வந்துட்டாங்கன்னு நீயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அக்கா அவன் முகத்தைப் பார்த்தபடி ரப்பரை அவிழ்த்தாள்.

"அதுவரைக்கும் எனக்குப் பொய் சொல்ல வராது. அன்னிக்குச் சாயங்காலம்தான் ஆரம்பிச்சேன்."

திரையை விலக்கி முப்பத்திரண்டைக் கூப்பிட்டாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மாவின் சாமான்களைப் பிரிப்பதற்காக அக்கா வீட்டுக்கு வரும்படி சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. அக்கா சொல்லித்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். அவளே கூப்பிடவில்லை. பட்டன் ஒரு முடிவோடு கிளம்பினான். சித்தப்பா முன்னால் அக்காவையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவது. பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். பட்டியல் எழுதுவதுபோல அடித்து அடித்து எழுதி, நாலு வரிக்குக் கொண்டுவந்தான். அக்கா முன்போலப் பேசாவிட்டாலும், ஒரு வார்த்தை திட்டினாலும் போதும் என்று இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே ஒரு போர்வையை இவன் பக்கம் தள்ளினாள். சித்தப்பா நாற்காலியில் இருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாடா வா. உன்னைப் பத்திப் பேசாத நாள் இல்லை எங்க வீட்ல. அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா பிறந்துச்சா?"

"யாருக்கு சித்தப்பா?"

"யாருக்கா? லிப்ட்ல மாட்டிக்கிட்டாளே, எட்டு மாசம். இவ்வளவு நாள்ல குழந்தை தவழ ஆரம்பிச்சிருக்கணுமே?" அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீயாவது கேட்டியாம்மா?"

"நான் கேட்கலை" என்றாள் அக்கா. மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடியில் வைத்துவிட்டு பட்டனைப் பார்த்தாள். பரிசோதனை நிலையத்துக்குப் பிறகு அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான். கோபமாக இல்லை. காத்திருப்பது போல இருந்தது. "அவனையே கேளுங்க சித்தப்பா. அவன் சொல்லட்டும்."

நாலு வரியும் வாய்க்குள் தயாராக இருந்தன. சித்தப்பா முன்னால் சாய்ந்து, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, குழந்தையின் செய்தியைக் கேட்கக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பிறந்துடுச்சு சித்தப்பா" என்றான் பட்டன். "பொண்ணு."

"நெனைச்சேன்!" சித்தப்பா தொடையில் தட்டினார். கண் கலங்கிவிட்டது. "அண்ணி இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அக்கா போர்வையை மறுபடி எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து மடித்தாள்.

"பேர் என்ன வெச்சாங்கன்னு கேளுங்க சித்தப்பா" என்றாள்.

"அட, ஆமா. என்னடா பேரு?"

பட்டன் ஒரு பெயரைச் சொன்னான். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நல்ல பெயர் என்றார் சித்தப்பா.