வைசன் சாரோட சர்வர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஒயர் எங்கே போகிறது, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பழகியவன். அதற்கு முன்னால் சோலோ என்கிற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்தவன். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் பேய்க்குப் பயப்பட யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு நடந்தது இது. ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில், போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. நடந்ததில் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

தோட்டங்களுக்குக் கீழே ஒரு சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதன் கம்ப்யூட்டர் அறைக்கு நான் பொறுப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் வைசன் நக்குமா. மலேரியா மூளைக்கு ஏறி நாலே நாளில் போய்விட்டார். அவரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனால் அவரை வெறுக்க எனக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

எங்கே திரும்பினாலும் வைசன் சார். வைசன் சார் இருந்தால் இப்படிச் செய்திருப்பார். வைசன் சார் கீபோர்டைத் துணியால் துடைப்பார். வைசன் சார் கோபப்பட்டதே கிடையாது. இரண்டாம் வருடத்தில் எஸ்னாத் என்று ஒரு மாணவி. வாய் நீளம். நான் ஒருநாள் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நிற்கிறேன்.

"சார், நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க? அது பாட்டுக்கு ஓடும். நீங்க போய் வெயில்ல உக்காருங்க."

"அப்ப எனக்கு எதுக்குச் சம்பளம்?"

"அதைத்தான் சார் நாங்களும் பேசிக்கிட்டோம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

அவர் செய்து வைத்த ஏற்பாடு இதுதான். அறையில் இருபது பழைய கம்ப்யூட்டர்கள். எதற்கும் சொந்தமாக ஹார்டு டிஸ்க் கிடையாது. மூலையில் ஒரே ஒரு சர்வர். அதில் லினக்ஸ் போட்டிருந்தார். இருபதும் அதிலிருந்துதான் உயிர் வாங்கும். பிள்ளைகள் எழுதுவது எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் தங்கும். அது நின்றால் இருபதும் இருட்டு. காசு இல்லாத கல்லூரிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதை நான் அன்றைக்கே அறிவேன். சொல்லத்தான் மனம் வரவில்லை.

திருட்டுக்குப் பயந்து சர்வரைச் சுற்றி இரும்புக் கூண்டு வெல்டிங் செய்து பூட்டியிருந்தார். சாவியைக் காணோம். பாஸ்வேர்டை முதல்வர் கொடுத்திருந்ததால், வெளியே உட்கார்ந்தபடியே வேலை பார்த்துக்கொண்டேன். கூண்டைத் திறக்க அவசியம் வரவில்லை.

சில விஷயங்கள் இடித்தன.

தினமும் காலையில் இருபது திரையிலும் பிள்ளைகளுக்கு ஒரு வரி வந்திருக்கும். மழை நாளில், 'காலைத் துடைச்சிட்டு வாங்க.' பரீட்சை நாளில், 'பதறாதீங்க.' ஏதோ புரோகிராம் எழுதி வைத்துவிட்டுச் செத்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் தேடினேன். அப்படி ஒரு புரோகிராமே இல்லை.

கரண்ட் போனாலும் கூண்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்...' என்று இரைச்சல் வரும். உள்ளே பேட்டரி இருக்கும், சர்வர் மட்டும் ஓடுகிறது என்று விட்டுவிட்டேன்.

அவருடைய கணக்கை நான் முடக்கினேன். மறுநாள் காலை அது திறந்திருந்தது. கடைசியாக உள்ளே வந்த நேரம், விடிகாலை 5.10. அறைச் சாவி என் தலையணைக்கடியில் இருந்தது. எஸ்னாத்தின் வேலை என்று முடிவு கட்டினேன். மறுபடி முடக்கினேன். மறுபடி திறந்தது. அதன்பிறகு விட்டுவிட்டேன். செத்த மனுஷனுக்கு இருக்கும் அதிகாரம்கூட எனக்கு இல்லையே என்பதுதான் அப்போது எனக்கு வலித்தது.

கல்லூரி வாசலில் வைசனின் மனைவி எனிஃபா மண்டாசி என்கிற இனிப்பு மாவு உருண்டை பொரித்து விற்பாள். பிள்ளைகள் இடைவேளையில் மொய்ப்பார்கள். கம்ப்யூட்டர் அறைப் பக்கம் மட்டும் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"என்ன தம்பி, என் சக்களத்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா அக்கா. பேச்சுக் கேக்கமாட்டேங்கிறா."

"கேக்கமாட்டா. பதினோரு வருசம் என் புருசன அவதான் வச்சிருந்தா. நான் சோத்தப் போட்டு மூடி வச்சிட்டுக் காத்துக் கெடந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கண் சிரிக்காது.

ஜூன் மாதம் முதல்வர் மலுங்கா அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டாம்புலி, திங்கக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. பழைய லினக்ஸே போதுமா, இல்ல விண்டோஸுக்கு மாறணுமான்னு கேப்பாங்க."

"மாறினா நல்லதும்மா."

"மாறினா செலவு. மாறலன்னா இன்னொண்ணு இருக்கு. அது தானா ஓடுது, அதுக்கு முழுநேர ஆளு எதுக்குன்னு ரெண்டு பேரு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வேலையைச் செத்த மனுஷன் செய்துகொண்டிருக்கிறான், சம்பளம் இல்லாமல். விண்டோஸ் வந்தால் வைரஸ் வரும், மக்கர் பண்ணும், நான் வேண்டும். லினக்ஸ் இருந்தால் நான் பாதி ஆள். எட்டு மாதத்தில் நான் கட்டியது எதுவும் அந்த அறையில் இல்லை. எல்லாம் அவன் கட்டியது.

சர்வர் டிஸ்க் செத்துவிட்டால்? அப்புறம் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் லாரி ஏறி லுச்சென்சாவுக்கு நெட்பால் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் எழுதியதையெல்லாம் முந்தின நாளே வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலை பத்துக்குக் கரண்ட் போனது. ஆறு மணிக்கு முன்னால் வராது. மலைப்பக்கமிருந்து சிப்பெரோனி என்கிற பனிமூட்டம் இறங்கி மூன்றாவது நாளாகக் கிடந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஈரப் பனி எலும்புக்குள் போனது.

கோட்டுக்குள் இரும்பு அறுக்கும் ரம்பத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். மணி 2.40.

டிஸ்க்கைக் கழற்றித் தரையில் இரண்டு தட்டு. திரும்ப மாட்டிவிட வேண்டியது. கரண்ட் வந்து வந்து போனதில் டிஸ்க் எரிந்துவிட்டது என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டியது. இவ்வளவுதான் திட்டம்.

பூட்டை அறுத்தேன். க்ர்ர்க்... க்ர்ர்க்... கை ஓய்ந்து நிறுத்தினேன்.

இரைச்சலும் நின்றது.

மறுபடி அறுத்தேன். மறுபடி ம்ம்ம்... என்று வந்தது. நிறுத்தினேன். நின்றது.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே. பேட்டரியில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

பூட்டு அறுந்து தரையில் விழுந்தது. கூண்டைத் திறந்தேன். பேட்டரி இருந்தது. வீங்கி வெடித்து, பச்சை பூத்து, எந்தக் காலத்திலோ செத்துப்போன பேட்டரி. அதன் ஒயர் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

பெட்டியைத் தொட்டேன். அந்தக் குளிரில்... சூடாக இருந்தது.

அப்போது பின்னால், 'டிக்' என்று சத்தம்.

திரும்பினேன். கதவோரம் இருந்த முதல் திரை எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து விளக்கு ஸ்விட்சைத் தட்டினேன். எரியவில்லை. சர்வரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிளக் என் கையில்.

டிக். இரண்டாவது.

டிக். டிக்.

வரிசையாக வந்தது. இருபதும் எரிந்தன. பனி அப்பிய ஜன்னலுக்கு முன்னால் இருபது நீலச் சதுரம். பிறகு கீபோர்டுகள் அழுந்த ஆரம்பித்தன. யாரும் இல்லை. கட்டை மட்டும் இறங்கி ஏறுகிறது. டக... டக... டக...

எல்லாத் திரையிலும் ஒரே வரி.

'ஸ்டாம்புலி, குளிருதா?'

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. பயம் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. இந்த ஆள் செத்தும் என்னை நலம் விசாரிக்கிறான். என்னிடமும் நல்லவனாக இருக்கப் பார்க்கிறான்.

பெட்டியின் நாலு திருகையும் கழற்றினேன். மூடியை இழுத்தேன். கையை உள்ளே விட்டு டிஸ்க்கைத் தேடினேன்.

டிஸ்க் இல்லை.

அது இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு ஒயர் மட்டும் தொங்கியது. முனையில் எதுவும் இல்லை.

விரலில் ஏதோ ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தேன். செம்மண். ஈரமாக இருந்தது. கரையான் என்று நினைத்தேன். மறுபடி கையை விட்டேன். உள்ளே அடியில் முழுக்க மண்... வெதுவெதுவென்று...

டக. டக. டக.

தலையைத் திருப்பினேன்.

'கையை எடு.'

இருபது திரையிலும்.

பெட்டிக்குள் ஓடாமல் நின்றிருந்த விசிறி... என் விரலை மெல்லத் தள்ளியது. குழந்தையின் கையைத் தள்ளுவதுபோல. ஆனால் விடாமல்.

'கையை எடு.'

எடுத்தேன்.

தாழ் திறக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. பனியில் விழுந்து எழுந்து ஓடினேன். ரம்பம் உள்ளேயே கிடந்தது.

ஞாயிறு காலை சர்ச் மணி அடித்த பிறகு, அறையைப் பெருக்க வேண்டும் என்று எஸ்னாத்தையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போக முடியவில்லை. கரண்ட் இருந்தது. அறுந்த பூட்டு தரையில் கிடந்தது. பிளக் சுவருக்கு வெளியே கிடந்தது. ஆனால் பெட்டி மூடியிருந்தது. நாலு திருகும் இறுக்கமாக முறுக்கியிருந்தது. நான் மூடவில்லை.

"சார், பூட்டு எப்படி அறுந்துச்சு?" என்றாள் எஸ்னாத்.

"துரு."

ஒருமாதிரி பார்த்தாள். ரம்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் பிளக்கை மாட்டி, கூண்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டேன்.

திங்கட்கிழமை குழு கூடியது. மலுங்கா அம்மா கேட்டார்.

"சொல்லுங்க ஸ்டாம்புலி. எது?"

"பழசே இருக்கட்டும்மா."

"நிச்சயமாவா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தாம்மா."

டிஸ்க் இல்லாத சர்வர் என்று சொல்லியிருக்கலாம். நீ ஏன் திறந்தாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். என்னை அரை நேரமாக்கினார்கள். மீதி நேரம் சந்தையில் போன் ரிப்பேர் பார்க்கிறேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு மூளை கலங்கியது என்று விட்டிருப்பேன். ஜூலையில் ஒருநாள் மண்டாசி வாங்கப் போனேன். எனிஃபா சட்டியில் மாவை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, குழு கூடுச்சாமே. புது சக்களத்தி எப்படி?"

"புதுசா? பழசுதான் அக்கா. அதேதான் ஓடுது."

அவள் கை நின்றது.

"எது ஓடுது?"

"வைசன் சாரோட சர்வர்."

"அது எப்படி ஓடும்? அதுக்குள்ள இருந்தத நான் எடுத்துட்டேனே. வேற வாங்கி மாட்டிட்டீங்கன்னுல்ல இத்தன நாளும் நெனைச்சேன்."

அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடக்கத்துக்கு முந்தின நாளு. காலேஜு லீவு. சாவி அவன் கால்சட்டையில இருந்துச்சு. எத்தன தடவ வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கழட்டி மாட்டியிருக்கான், எதுன்னு எனக்குத் தெரியாதா. எடுத்து அவன் நெஞ்சு மேல வச்சேன். சாவியையும் வச்சேன். போங்கடா, ரெண்டு பேரும் எங்கயாவது போங்க, என் பக்கம் வராதீங்கன்னு."

எங்கள் பக்கம் செத்தவர் புழங்கிய சாமானைக் குழியில் போடுவது வழக்கம். ஆனால் முழுசாகப் போடமாட்டோம். உடைத்துத்தான் போடுவோம். முழுசாகப் போனால் செத்தவர் அதை வைத்துப் புழங்குவார்.

"ஒடைச்சுத்தானே போட்டீங்க அக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தட்ட ஒடைச்சேன். குவளையில ஓட்ட போட்டேன். பாயக் கிழிச்சேன்." கையில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். "அத ஒடைக்கல தம்பி."

சட்டியிலிருந்து புகை வந்தது.

"போன மாசம் பக்கத்துல இன்னொரு குழி தோண்டப் போனவங்க வந்து சொன்னாங்க. சிப்பெரோனி அடிச்சா ஊரு நாயெல்லாம் அவன் குழி மேலதான் சுருண்டு கெடக்குதாம். வெரட்டினாலும் போகலியாம். கைய வச்சுப் பாத்திருக்காங்க. மண்ணு சுடுதாம். கரையான் புத்தா இருக்கும்னு நெனைச்சேன்."

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப மண்ணுக்குள்ள போயும்..." என்றாள் எனிஃபா, மெதுவாக. "அவளோடதான் குடித்தனமா?"

அன்று அவள் போட்ட மண்டாசி எல்லாம் கருகிப்போனது. அவள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.