ஜன்னலோர மேசையின் இழுப்பறை

என் அக்காவுக்கு நகை ஆசை கிடையாது. துணிமணி ஆசையும் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: பூட்டும் சாவியும் உள்ள ஓர் இழுப்பறை. கடையில் விற்கிற ஏதோ ஓர் இழுப்பறை போதாது. அவள் வேலை பார்க்கிற அலுவலகத்தில், நான்காவது மாடியில், ஜன்னலோரம் போட்டிருக்கிற மேசையின் இழுப்பறைதான் வேண்டும். முதல் தடவை சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

அக்கா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதி முடித்த புரோகிராமை வாங்கி, எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை. கிடைக்கிற பிழைக்கு அவர்கள் பாஷையில் பக் என்று பெயர். அது எப்படி வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி, எழுதியவர் தலையிலேயே திருப்பிக் கட்டிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தக் குணம்தான். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் சாப்பாடு இறங்காது. என் தலை வகிடு நேராக இல்லை என்று பள்ளிக்கூட வாசல் வரை வந்து சீப்பை நீட்டுவாள். இதற்கும் சம்பளம் கொடுக்கிற உலகத்தில் பிறந்தாளே என்று அம்மா அடிக்கடி சந்தோஷப்படுவாள்.

சம்பளம் கொடுத்தார்கள்தான். ஆனால் அந்தக் கம்பெனி கொடுக்கவில்லை. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறையில் நடக்கிற ஓர் ஏஜென்சி கொடுத்தது. கம்பெனி ஆட்களின் கழுத்தில் அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும். ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்கு ஆரஞ்சுக் கயிறு. ஒரே மாடி, ஒரே வேலை, ஒரே திட்டு. கயிறு மட்டும் வேறு. கம்பெனி ஆண்டுவிழாவுக்குக் கேக் வெட்டினால் நீலக் கயிறுகள் எல்லாம் ஒன்றாக நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும். எடுப்பது அக்கா. "நீங்கதான் நேரா எடுப்பீங்க" என்பார்களாம். வருஷா வருஷம் அந்த ஃபோட்டோக்களை எங்களுக்குக் காட்டுவாள். உண்மையிலேயே எல்லாம் நேராகத்தான் இருக்கும். அவள் மட்டும் எதிலும் இருக்கமாட்டாள்.

ஆரஞ்சுக் கயிற்றுக்காரர்களுக்கு நிரந்தரமான இடமும் கிடையாது. அன்றைக்கு யார் லீவோ அவர் நாற்காலி. அதனால் அக்கா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அலைவாள். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், முதுகுக்குச் சின்னத் தலையணை, சார்ஜர், ஒரு கப். மண்ணிறத்தில் கனமான கப் அது. நான் சொந்தமாகக் கடை திறந்த முதல் மாதம் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. காலையில் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புவாள். சாயங்காலம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவாள்.

என் கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் முடி வெட்டுகிறவள். கடையில் நாற்காலி இரண்டு, இரண்டும் என்னுடையவை. வெட்டினது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைப் பார்த்தபடியே திட்டிவிட்டுப் போவார்கள். நானும் திருப்பிச் சொல்வேன். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அக்காவின் வேலையில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய கூத்து, பதினோரு மாதக் கூத்து. ஆரஞ்சுக் கயிற்றுக்காரர்களை ஒரு வருஷம் முழுசாக வைத்திருந்தால் ஏதோ உரிமை கேட்டுவிடுவார்களாம். அதனால் பதினோரு மாதம் ஆனதும் அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு புது நம்பர், புது அட்டையோடு நேற்றுப் பிறந்தவள் மாதிரி உள்ளே போக வேண்டும். வாசலில் இருக்கிற காவலாளி அக்காவை ஏழு வருஷமாகத் தெரிந்தவர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "புதுசாம்மா? இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பாராம்.

அந்த ஒரு மாதம் அவள் வீட்டில் படுத்துகிற பாடு இருக்கிறதே! அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்குவாள். என் கடைக்கு வந்து சீப்புகளை அளவு வாரியாக வைப்பாள். ஃபோன் அடித்தால் அம்மாவுக்கு முன்னால் ஓடுவாள்.

அவளுக்கு மேலே ஒரு மேலாளர். நான் அவருக்கு வைத்த பெயர் "பார்க்கலாம்". எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பதுதான் பதில். கெட்ட மனுஷர் இல்லை. யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன வருஷம் அந்த ஜன்னலோர மேசைக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். "பார்க்கலாம்" அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த இடத்துக்கு நிரந்தரமா ஆள் எடுக்கறாங்க. நீ அப்ளிகேஷன் போடும்மா. உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு." அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்த நடையே வேறு. பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு எதற்கும் கண்ணீர் தயாராக இருக்கும்.

உள்ளேயே இருக்கிறவள்தானே என்று நேராக விட்டுவிடமாட்டார்கள். வெளியாள் மாதிரி கம்பெனி இணையதளத்தில் போய் விண்ணப்பம் போட வேண்டும். வருகிற விண்ணப்பங்களை முதலில் மனுஷர் பார்ப்பதில்லை, ஒரு சாஃப்ட்வேர் சலிக்கிறது. அந்தச் சல்லடையை எழுதியது அக்காவின் குழு. தட்டிப் பார்த்தது அக்காவேதான்.

அப்போதே அவள் அதில் ஒரு குறை கண்டிருந்தாள். ஒரு வருஷம் முடியும் முன்பே வேலையை விட்டவர்களை நிலையில்லாதவர்கள் என்று அது ஒதுக்கும். இரண்டு மூன்று தடவை அப்படி இருந்தால் நேராக வெளியே. 'பதினோரு மாதத்தில் நாமே அனுப்பிவிட்டு, நாமே திரும்ப எடுக்கிறவர்களை என்ன செய்யும்?' என்று கேட்டு, பக் என்று பதிவு செய்தாள். "அடுத்த தடவ பாக்கலாம்மா" என்றார் மேலாளர். அதற்குள் அவளுடைய பதினோரு மாதம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போனபோது புது நம்பர், வேறு வேலை. பழைய பக் எல்லாம் பழைய நம்பரோடு போய்விட்டன.

அந்த வேலையில் அவள் சொன்ன ஒன்றை மட்டும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்குப் போகிற மெயிலில் 'நீங்கள் தேர்வாகவில்லை' என்று மொட்டையாக இருந்ததாம். "வேல தேடறவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி, கூட இரண்டு வாக்கியம் அவளே எழுதிக் கொடுத்தாள். அதற்குச் செலவு இல்லை அல்லவா? உடனே போட்டுக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். முன்பு பார்த்த வேலைகள் என்ற இடத்தில் ஒரே கம்பெனியின் பெயரை ஏழு தடவை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சேர்ந்த தேதி, விட்ட தேதி.

"ஏன்க்கா, ஏழு வருஷம்னு ஒரே வரியா போட்டுட்டா என்ன?"

"அது பொய்டி. அவங்க கணக்குல ஏழு நம்பர் இருக்கு."

"அந்தச் சல்லடை உன்னத் தூக்கி வெளிய போட்டுட்டா?"

"அதெல்லாம் அப்பவே சரி பண்ணியிருப்பாங்க. நான்தான் எழுதிக் குடுத்தேனே."

மற்றவர்கள் செய்ததை எல்லாம் சந்தேகப்பட்டே பிழைக்கிறவள், தான் எழுதிக் கொடுத்ததைப் படித்திருப்பார்கள் என்று மட்டும் சந்தேகமே இல்லாமல் நம்பினாள். பொத்தானை அழுத்திவிட்டு டீ போட எழுந்தாள். கப்பில் ஊற்றிக்கொண்டு வந்து உட்காரும்போதே மெயில் வந்துவிட்டது. திறந்தாள். ஒரு தடவை கண்ணாலேயே படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"இது உங்கள் திறமைக்கான தீர்ப்பு அல்ல. மனம் தளர வேண்டாம்."

"என்னக்கா?"

"இது நான் எழுதினதுடி" என்றாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. "நல்லாத்தான் எழுதியிருக்கேன் இல்ல?" என்று கேட்டாள். டீயைக் குடிக்காமலே கப்பைக் கழுவி வைத்தாள்.

அடுத்த வேலை நாளில் அந்தப் பழைய பக்கைத் தோண்டி எடுத்துப் பார்த்தாளாம். அவள் வீட்டில் இருந்த மாதத்தில் யாரோ அதை மூடியிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: 'புகார் அளித்தவர் தற்போது பணியில் இல்லை.'

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. கையிலிருந்த சீப்பைத் தூக்கிப் போட்டேன். "நேரா போய் அந்தப் பார்க்கலாம்கிட்ட நாலு வார்த்தை கேளு! இல்ல, நான் வந்து கேக்கறேன்" என்று குதித்தேன். அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தாள். அவர் கையைப் பிசைந்தாராம். "நான் என்னம்மா பண்ணுவேன், சிஸ்டமே வெளிய தள்ளிடுச்சே. உன் பேரே என்கிட்ட வரல. அடுத்த தடவ பாக்கலாம்."

அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். இரண்டே கம்பெனி, இரண்டிலும் முழுசு முழுசாக வருஷங்கள். நீலக் கயிறு, ஜன்னலோர மேசை. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமா? அந்தப் பெண்ணை நாலு நாள் திட்டித் தீர்க்கலாம் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அக்கா அதற்கும் வழி வைக்கவில்லை. "நல்ல பொண்ணுடி. சொன்னா புரிஞ்சுக்கறா. பாவம், அவ என்ன பண்ணுவா?"

ஒரு நாள் சாயங்காலம் அக்கா வழக்கம்போலப் பையில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். "தினமும் இதையெல்லாம் தூக்கிட்டா போறீங்க அக்கா? இந்த டிராயர்ல பாதி காலியாத்தான் இருக்கு. சாவி ரெண்டு குடுத்திருக்காங்க, ஒண்ணு நீங்க வச்சுக்கோங்க" என்று நீட்டிவிட்டாள்.

அந்தச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா மேசைமேல் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். கட்டை விரல் நீளம்கூட இல்லை.

"வாங்கிட்டியே, வெக்கமா இல்ல?" என்றேன். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இல்ல" என்றாள் அக்கா. "சந்தோஷமா இருந்துச்சு. அதுதான் எனக்கே கஷ்டமா இருக்கு."

அதற்குப் பிறகு பை மெலிந்துவிட்டது. தலையணையும் ஸ்வெட்டரும் கப்பும் அங்கேயே தங்கின. கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். நடையில்கூட ஒரு மாற்றம் தெரிந்தது. அம்மா, "இவ என்னடி சின்னப் பொண்ணு மாதிரி படியேறி வரா" என்றாள்.

இந்தத் தடவை பதினோரு மாதம் முடிந்த அன்றைக்கும் அவள் வெறுங்கையோடுதான் வந்தாள். அட்டையையும் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்திருந்தாள். எப்போதும் அந்த நாளில் பை பிதுங்கிக்கொண்டு வரும்.

"கப் எங்கக்கா?"

"அங்கதான் இருக்கு. ஒரு மாசம்தானே, எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

ஏழு வருஷத்தில் முதல் முறையாக அந்த மாதம் அலமாரியை இறக்கவில்லை. சீப்புகளை அடுக்க வரவில்லை. ஃபோனுக்கு ஓடவில்லை. காலையில் நிதானமாக எழுந்து பேப்பர் படித்தாள். விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற நீலக் கயிற்றுக்காரி மாதிரி இருந்தாள்.

மாதம் முடிந்தது. கூப்பிடவில்லை. இன்னொரு மாதம் ஓடியது. ஏஜென்சிக்கு நான்தான் ஃபோன் செய்தேன். "இந்தத் தடவ அவங்க பக்கத்துல இருந்து ஒண்ணும் வரல மேடம். வந்ததும் சொல்றோம்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஜன்னலோரப் பெண் இவளிடமிருந்து எல்லாவற்றையும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

போன வாரம் கடையிலிருந்து வரும்போது ஒரு கப் வாங்கி வந்தேன். அதே மண்ணிறம், அதே கனம். அக்கா வாங்கிப் பார்த்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் எங்கேயாவது குறை இருக்கிறதா என்று விரலால் தடவினாள். "நல்லா இருக்குடி" என்று சொல்லி, அம்மாவிடம் ஸ்பூன் போட்டு வைக்கக் கொடுத்துவிட்டாள். பிறகு அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு, சூடு தாங்காமல் துணியால் பிடித்தபடி குடித்தாள்.

"அக்கா, வேற எடத்துல தேடலாம்க்கா. எத்தன கம்பெனி இருக்கு" என்றேன்.

"தேடலாம். ஆனா அந்தக் கப் அங்க இருக்குடி" என்றாள். "சாவியும் என்கிட்டதான் இருக்கு. நான் வருவேன்னு தெரியாமலா அத அப்படியே விட்டு வச்சிருப்பாங்க?"

அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, டம்ளரை வாங்கிக் கொண்டுபோய்க் கழுவினேன்.