அது யாருடைய புதினா?

மெக்னெஸ் நகரச் சந்தையில் புதினா விற்கும் பஹிஜா எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் வீட்டுப் புதினா சுவருக்கடியில் நுழைந்து பக்கத்து வீட்டு யாமினாவின் வெங்காயப் பாத்தியில் முளைத்தபோதும், "உன் மண்ணுல முளைச்சா அது உன்னுதுதான்" என்று வருஷக்கணக்காகச் சாதித்தாள்.

பஹிஜாவின் மார்புப் புற்றுக்கட்டியை எடுத்த பிறகு, ஸ்கேனில் அவள் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன.

"இது வேற நோயா, டாக்டரம்மா?"

"இல்லம்மா. மார்புல இருந்த அதே செல்லுதான். சதையைத் துளைச்சு, ரத்தத்துல ஏறி, அங்க போய்க் குடியேறியிருக்கு. எங்க முளைச்சாலும் அது மார்புப் புற்றுதான். அதுக்கான மருந்தையே தர்றேன்."

பஹிஜா நேராக யாமினா வீட்டுக்குப் போனாள்.

"அடியே, அந்தப் புதினா என்னுதுதான். பிடுங்கிப் போடு."

"பிடுங்காமலா இருக்கேன்? உன்னை மாதிரியேதான், அசைய மாட்டேங்குது. உக்காரு, அதுலயே டீ போடுறேன்."