வற்றாத கிணற்றுக்காரர்

"வா, வா, வா... ஒட்ச்சி வா... வந்துகினே இரு!"

விடியற்காலை ஐந்து மணிக்குத் துரைராஜ் தண்ணீர் லாரியைப் பின்னால் அழைக்கும் அழகே தனி. ஒரு கை மதிலைக் காட்டும். மறு கை வானத்தைக் காட்டும். லாரி வந்து நிற்பது தொட்டியருகே அல்ல, கிணற்றடியில். சத்தம் தெருவுக்குக் கேட்காமல் குழாய் முனையில் சாக்கைச் சுற்றி, பன்னிரண்டாயிரம் லிட்டரையும் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்.

மாதம் ஒருமுறை, அளவெடுக்கும் நாளன்று மட்டும்தான் இந்தக் கூத்து. அடையாற்றுப் படுகையில் எங்கெங்கே வறட்சி என்று பார்க்க, முடிச்சூர்ப் பக்கம் அரசாங்கம் தேர்ந்தெடுத்த கிணறு அவருடையது. கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதிய நாளிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. காஸ் சிலிண்டர் போட வருகிறவரையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்: "கவர்மெண்டே நம்பர் போட்ட கெணறுப்பா! மூணாங்கிளாஸ் தாண்டாதவன், பாறைய ஒட்ச்சி நானே வெட்னது. நான் கீற வரைக்கும் வத்தாது."

சும்மா சொல்லக்கூடாது, வெட்டியது அவர்தான். ஆனால் கிணறு பங்குனியிலேயே வற்றிவிட்டது. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், மனைவி ஜெயக்கொடி, லாரி ஓட்டும் காலேப்.

காலேப் ஒருநாள் தலையைச் சொறிந்தான். "ணா, கோச்சிக்காத. இந்தத் தண்ணி பின்தெரு போர்ல புடிக்கிறது. உன் கெணத்து ஊத்த உறிஞ்சி உன் கெணத்துலயே ஊத்திகினு கீறேன்."

"அப்போ என் தண்ணிதானடா? ஊத்து!"

இரண்டு மாதமாக அறிக்கையில் 'நீர் போதுமானது' என்றே போயிற்று. சுற்றிலும் எல்லாத் தெருவுக்கும் இலவச லாரி வந்தது; இவர் தெருவுக்கு மட்டும் இல்லை. தெருக்கோடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் சூர்யநாராயணன் ஸ்கூட்டரில் கேன் சுமந்து நொந்துபோனார்.

"சார், நாலு பக்கமும் வறட்சி. நம்ம தெரு மட்டும் எப்படி சார் செழிப்பு?"

"ராசி சார், ராசி!" என்றார், அன்று அரை வாளியில் குளித்திருந்த துரைராஜ்.

இந்த மாதம் லாரி வரவில்லை. ஆறு மணி, ஏழு மணி. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தார்.

"நாந்தான் காலேப்ப வராதன்னேன்," என்றாள் ஜெயக்கொடி. "கெணத்த குளிப்பாட்டுறியே, நான் தலைக்கு ஊத்தி பத்து நாளாவுது. தெரியுமாய்யா உனக்கு?"

பத்து மணிக்கு ஸ்நேகா வந்தாள். அளவெடுக்கும் சின்ன அதிகாரி. மட்டம் இறங்கியிருந்தால் மறுநாளே லாரி என்று கேள்விப்பட்டுத் தெருவே கூடிவிட்டது. டேப் இறங்கியது. இருபதடி. முப்பதடி. 'டொக்'.

"சார், அடியில பாறை தட்டுது. தண்ணியே இல்ல."

"நல்லா பாரும்மா. ஓரமா ஒதுங்கி கீதோ இன்னாவோ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்நேகா மறுபடி இறக்கினாள். மறுபடியும் 'டொக்'. அவள் பூஜ்யம் என்று எழுதியதும் தெருவே கைதட்டியது. சூர்யநாராயணன் உட்பட எல்லோரும் முண்டியடித்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

துரைராஜ் தோள் துண்டை உதறி எடுத்தார். கிணற்று வாயில் அது கால்வாசியைக்கூட மூடாது. ஆனாலும் இரண்டு கையாலும் அகல விரித்து, உள்ளே யாரும் பார்த்துவிடாதபடி, குனிந்து பிடித்துக்கொண்டே நின்றார்.